முப்பத்திரண்டாம் எண்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பம்புகளுக்கான ரப்பர் வளையம் செய்கிற ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருடமாகத் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். விளக்கைத் தாழ்த்தி வைத்து, ஒவ்வொரு வளையத்தையும் விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்து, கீறலோ பிசிறோ இருந்தால் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். அந்த மேஜையில் சந்தேகப்படுகிற ஆளுக்குத்தான் நல்ல பெயர். நான் நல்ல பெயர் எடுத்தவள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருமுல்லைவாயிலில் எங்கள் சபையில் கீபோர்டு வாசிப்பேன். காலை ஆராதனை என்னுடையது. மாலை ஆராதனைக்கு வேறொருவர் வாசித்தார். சேக்காட்டுக்காரர், என்னைவிட எட்டு வயது சின்னவர், ஏசி மெக்கானிக். நோட்டேஷன் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பாட்டை எந்தச் சுருதியில் ஆரம்பித்தாலும் இரண்டாவது வரிக்குள் வந்து சேர்ந்துகொள்வார். அவருடைய மனைவி காலை பாடகர் குழுவில் பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்டோ பாடுகிறவர். எனக்குப் பின்னால்தான் நிற்பார்.

பழைய கீபோர்டில் கட்டைகள் ஒவ்வொன்றாக ஊமையானபோது, இனி கன்ட்ரோலர் வாங்கலாம் என்று கமிட்டியில் பேசி வாங்க வைத்தது நான்தான். கன்ட்ரோலர் என்பது பார்க்கக் கீபோர்டுதான். ஆனால் அதற்குள் சொந்தமாக ஒரு சத்தமும் கிடையாது. லேப்டாப்பில்தான் ஆர்கனும் பியானோவும் இருக்கும். கன்ட்ரோலர் கேபிள் வழியாகச் செய்தி மட்டும் அனுப்பும். இந்தக் கட்டையை அழுத்தினார்கள், இவ்வளவு வேகத்தில் அழுத்தினார்கள், இந்தக் குமிழைத் திருப்பினார்கள். அதற்கு மிடி செய்தி என்று பெயர். எந்தக் குமிழ் எந்த எண்ணில் செய்தி அனுப்ப வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம்.

அந்த 'நாமே வைத்துக்கொள்ளலாம்' எனக்குப் பிடித்துப்போனது. பெட்டி வந்த வாரம் இரண்டு நாள் லீவு போட்டேன். கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்து முதல் பக்கத்தில் எண்களை எழுதினேன். ஒன்று அதிர்வுச் சக்கரத்துக்கு. ஏழு வால்யூமுக்கு. பதினொன்று பாட்டின் நடுவே ஏற்றி இறக்குவதற்கு. அறுபத்துநான்கு, மிதித்தால் ஓசையை நீட்டுகிற கால் பெடலுக்கு. இவையெல்லாம் ஏற்கெனவே வேலை ஒதுக்கப்பட்ட எண்கள், வேறு வேலைக்குத் தொடக்கூடாது. இருபதிலிருந்து முப்பத்தொன்றுவரை யாருக்கும் ஒதுக்காத காலி எண்கள் என்று படித்தேன். என்னிடம் எட்டுக் குமிழ், நான்கு ஸ்லைடர். முதல் குமிழுக்கு இருபத்தொன்று, இரண்டாவதுக்கு இருபத்திரண்டு என்று போட்டால் நினைவில் நிற்கும் என்று அப்படியே வரிசையாகப் போட்டேன். எட்டாவது குமிழுக்கு இருபத்தெட்டு. ஸ்லைடர்கள் நான்குக்கும் அதற்கடுத்த எண்கள். கடைசி ஸ்லைடர் ஸ்ட்ரிங்ஸுக்கு. மெல்ல மேலே தள்ளினால் ஆர்கனுக்குப் பின்னால் வயலின் கூட்டம் எழுந்து வரும். வலப்பக்கம் எட்டு ரப்பர் பொத்தான்கள். ஒன்றைத் தட்டினால் பியானோ, இன்னொன்றைத் தட்டினால் ஆர்கன், மற்றொன்று புல்லாங்குழல். அழகாக அமைந்தது. நோட்டைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

முதல் மூன்று ஞாயிறு ஒரு குறையும் இல்லை. நான்காவது ஞாயிறு, காணிக்கைப் பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்கு ஆர்கன் பொத்தானைத் தட்டிக் கட்டையில் கை வைத்தேன். ட்ரம்பெட் வந்தது. கல்யாண ஊர்வலத்தில் ஊதுவதுபோலச் சபை நடுவே முழங்கியது. முன்வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கையை எடுத்துவிட்டு ஆர்கன் பொத்தானை மறுபடி தட்டினேன். மறுபடியும் ட்ரம்பெட். பதறிப்போய் எல்லா ஸ்லைடர்களையும் கீழே இழுத்துவிட்டு, மூன்றாம் முறை தட்டியபோது ஆர்கன் வந்தது.

வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு வாரம் சோதித்தேன். ஒருமுறைகூட அது தப்பு செய்யவில்லை. அடுத்த ஞாயிறும் செய்யவில்லை. அதற்கடுத்த ஞாயிறு பியானோவுக்குப் பதில் மணியோசை வந்தது.

மாலையில் அவரிடம் கேட்டேன். "தம்பி, உங்களுக்கு சாயங்காலம் சத்தம் ஏதாவது மாறி வருதா?"

"இல்லியேக்கா. எனுக்கு ஒண்ணும் வர்லியே. நல்லாத்தான் கீது."

அந்த பதில்தான் என் மனசில் போய் உட்கார்ந்தது. அதே பெட்டி, அதே லேப்டாப், அதே மேடை. காலையில் எனக்கு மட்டும் கெடுகிறது, மாலையில் அவருக்குக் கெடுவதில்லை. தொழிற்சாலையில் இப்படி ஒரு விவரம் கையில் கிடைத்தால் நாங்கள் மெஷினைப் பார்க்க மாட்டோம், ஷிப்டைப் பார்ப்போம். எந்த ஷிப்டில் யார் நின்றார்கள் என்று.

அவருக்குக் காரணம் இருந்தது என்றும் எனக்குத் தோன்றியது. ஒன்பது வருடம் இரண்டு ஆராதனைக்கும் அவர்தான் வாசித்துக்கொண்டிருந்தார். நான் வந்த பிறகு காலை எனக்கு வந்தது. காலையில்தான் கூட்டம் வரும். புதுப் பெட்டி வந்த அன்று எல்லாரும் சுற்றி நின்று பார்த்தபோது அவர் மட்டும் கதவருகே நின்று, "இத்தன பட்டன் எதுக்குக்கா? பாட்டுக்கு ரெண்டு கை போதாதா?" என்று சிரித்தார். அப்போது நானும் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் கூடுதலாகக் கோணியது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் பேசுகிற தமிழ் எனக்கு எப்போதும் கொஞ்சம் இளப்பம். நான் டிப்ளமோ படித்தவள், வீட்டில் வேதாகமத் தமிழ் கேட்டு வளர்ந்தவள். அவர் 'கீது' என்றும் 'வந்துகினு' என்றும் பேசும்போது, இந்த ஆள் எண்ணெல்லாம் புரிந்து எதைச் செய்துவிடப் போகிறான் என்றும் நினைப்பேன். இவனுக்கு எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது, தெரியாததுபோல நடிக்கிறான் என்றும் நினைப்பேன். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வேவு பார்க்க ஆரம்பித்தேன். குமிழ், பொத்தான் எண்களை மூன்று தொகுப்புகளாகப் பெட்டிக்குள் மூன்று இடங்களில் சேமித்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் உள்ள எண்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஞாயிறு ஆராதனை முடிந்து பெட்டியின் மேல் துணி போர்த்தும்போது, கம்பெனியில் ஒதுக்கிப்போட்ட மெல்லிய கறுப்பு வளையம் ஒன்றை இரண்டு கட்டைகளின் இடுக்கில் நிற்க வைப்பேன். யாராவது வாசித்தால் அது விழுந்துவிடும். மாலை ஆராதனை முடிகிற வரைக்கும் காத்திருந்து, அவர் போன பிறகு திரும்ப ஒன்று வைத்துவிட்டு வருவேன். அடுத்த ஞாயிறு காலை போய்ப் பார்த்தபோது வளையம் கீழே மேடைக் கம்பளத்தில் கிடந்தது.

இடைப்பட்ட வாரநாட்களில் ஆராதனையே கிடையாது. யாரோ வந்து தொட்டிருக்கிறார்கள்.

கோயிலைக் கவனித்துக்கொள்கிற பெரியவரிடம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "வாரத்துல யாராவது வந்து வாசிக்கிறாங்களா?"

"வெள்ளிக்கிழம தோறும் அந்தத் தம்பி வருதேம்மா. அரை மணி நேரம் என்னமோ பண்ணிக்கிட்டிருக்கும். போயிடும். சாவி அதுகிட்டயும் ஒண்ணு இருக்குல்ல" என்றார்.

என் போனில் உள்ள படங்களோடு பெட்டியில் இருந்ததை ஒப்பிட்டேன். இரண்டாவது தொகுப்பில் ஆறாவது பொத்தான் மாறியிருந்தது. செய்தி போகிற தடத்துக்குச் சேனல் என்று பெயர்; முதல் சேனலில் இருக்க வேண்டியது இரண்டாவது சேனலில் இருந்தது. அந்தப் பொத்தானை நான் எந்தப் பாட்டிலும் பயன்படுத்துவதே இல்லை. ட்ரம்பெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. கை பிடிபட்டுவிட்டது என்று மட்டும்தான் யோசித்தேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார். "நீ காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தப்பு தேடற ஆளு. ஞாயித்துக்கிழமையாவது விட்டுட்டு இருக்கக் கூடாதா?"

"தப்பு இருந்தா தேடாம?"

"இருக்கான்னு பாரு. இருக்குன்னு பாக்காத" என்றார். எனக்குக் கோபம் வந்து ரசத்தை அவர் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அந்த வாரம் சனிக்கிழமை பகலில் ஒரு நினைவு ஆராதனை. எங்கள் சபைப் பெண் ஒருவருடைய அப்பா தவறி முப்பது நாள் ஆகியிருந்தது. அந்தப் பெண் என் வயதுதான். முன் பெஞ்சில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டை ஸ்ட்ரிங்ஸோடு மெதுவாக வாசித்து முடித்தேன். ஜெபம் நடந்தது. போதகர் தலையசைத்ததும் ஆர்கன் பொத்தானைத் தட்டிக் கட்டையை அழுத்தினேன்.

கைதட்டல் வந்தது. நூறு பேர் ஒரு மண்டபத்தில் கைதட்டுவதுபோல, ஸ்பீக்கர் நிறைய.

லேப்டாப்பில் மழை, பறவை, கைதட்டல் என்று நாடகத்துக்கான ஓசைகள் கடைசியில் ஓர் அடுக்கில் இருந்தன. அவற்றை நான் ஒருநாளும் தொட்டதில்லை. அது எப்படி அங்கே வந்தது? அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அழுதுகொண்டிருந்தவர் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம்கூட இல்லை. புரியாமல் பார்த்தார், அவ்வளவுதான். வால்யூமை இறக்கிவிட்டு அந்தப் பாட்டை வாத்தியமே இல்லாமல் பாட வைத்தேன். 

மறுநாள் காலை ஆராதனை முடிந்ததும் போதகரிடம் பேச வேண்டும் என்றேன். போதகர் அறையில் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மனைவியை அழைத்துப்போக வந்திருந்த சேக்காட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டார்கள். யூனிபார்ம் சட்டையில் கம்பெனிப் பெயர் தைத்திருந்தது. ஏதோ ஏசி வேலையிலிருந்து நேராக வந்திருந்தார்.

நான் நோட்டைத் திறந்து மேஜையில் வைத்தேன். தேதி வாரியாக எழுதியிருந்ததைப் படித்தேன். ட்ரம்பெட், மணி, கைதட்டல். வளையம் கீழே கிடந்தது. வெள்ளிக்கிழமை வருகை. இரண்டாவது தொகுப்பு, ஆறாவது பொத்தான்.

"இன்னாக்கா இது?" என்றார் அவர். சிரிக்கலாமா என்று யோசிப்பதுபோல முகம் இருந்தது. "நான் இன்னாத்துக்கு உங்க பாட்டக் கெடுக்கப் போறேன்?"

"வெள்ளிக்கிழமை வர்றீங்களா இல்லையா?"

"வர்றேன். எனுக்குன்னு ஒரு செட்டு போட்டுக்கலாம்னு பாத்துகினு இருந்தேன். அஞ்சாவது எடத்துல வெச்சிக்கீறேன். உங்குளுதுல கை வெக்கல."

"அப்போ ரெண்டாவதுல பொத்தான் எப்படி மாறிச்சு?"

அவர் குனிந்து என் நோட்டைப் பார்த்தார். "ஒரு தபா தப்பா ஸ்டோர் அமுக்கிட்டேன்" என்றார். "பயந்துட்டேன். திரும்ப பழையபடி வெச்சிட்டேன்னுதான் நெனச்சிகினு இருந்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா சொல்லுவீங்கன்னு எனுக்குத் தெரியாதாக்கா?"

கமிட்டிக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமினார். போதகர், "சாவு வீட்டு ஆராதனையில அப்படி ஆனது ரொம்ப மனவருத்தம், தம்பி" என்றார். அவர் 'நீ செய்தாய்' என்று சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. நான் மட்டும்தான் சொன்னேன். "இது தெரியாம நடந்ததுன்னு நான் நம்பல. வேணும்னே பண்ணது" என்றேன்.

சேக்காட்டுக்காரர் பாக்கெட்டிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தார். கோயில் சாவியை மட்டும் வளையத்திலிருந்து கழற்ற நேரம் பிடித்தது. நகத்தால் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். நாங்கள் ஐந்து பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கழற்றி என் நோட்டின் மேல் வைத்துவிட்டு வெளியே போனார். ஜன்னல் வழியாக அவர் மனைவி வேப்பமர நிழலில் நிற்பது தெரிந்தது. அவர் ஏதோ சொன்னார். மனைவி ஒருமுறை திரும்பி ஜன்னலைப் பார்த்தார். இருவரும் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள்.

அதன் பிறகு இரண்டு ஆராதனைக்கும் நானே வாசித்தேன். யாரையும் நம்பாமல் ஒவ்வொரு ஞாயிறும் பெட்டியை ஆட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். லேப்டாப்புக்கு பாஸ்வேர்டு போட்டேன். ஒரு ஞாயிறு நிம்மதியாகப் போனது. அடுத்த ஞாயிறு மாலை, ஆர்கன் பொத்தானைத் தட்டினேன். ட்ரம்பெட்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கேட்டேன். "நான் ஆபீஸ் போயிருக்கும்போது யாராவது இதத் தொட்டாங்களா?"

அவர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். "இப்ப நானா?" என்றார்.

 அரை நொடி நான் அவரையும்தான் சந்தேகப்பட்டிருந்தேன்.

போதகர் கேட்டபோது, "வோல்டேஜ் கொஞ்சம் இறங்கிடுச்சு, பாஸ்டர்" என்றேன். அது பச்சைப் பொய். கேட்கிறவர்களுக்குப் புரியாது என்று தெரிந்துதான் சொன்னேன். அதற்கடுத்த வாரம் மணியோசை வந்தபோது, அதை வேண்டுமென்றே வைத்ததுபோல இரண்டு கட்டை வாசித்துச் சமாளித்துவிட்டு மாற்றினேன். பின்னால் ஆல்டோ வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதன் பக்கம் திரும்பாமல் வாசிக்கப் பழகிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சமையல் முடித்துவிட்டுப் பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். லேப்டாப்பில் ஒரு ஜன்னல் உண்டு. கன்ட்ரோலரிலிருந்து வருகிற ஒவ்வொரு செய்தியையும் வரி வரியாக எழுதிக் காட்டும். அதுவரை நான் அதைத் திறந்து பார்த்ததில்லை. நான் போட்ட எண்கள் நான் போட்டபடிதான் இருக்கும் என்று இருந்துவிட்டேன். முதல் குமிழைத் திருப்பினேன். இருபத்தொன்று, ஒதுக்காதது என்று வந்தது. ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே போனேன். எல்லாம் சரி. கடைசி ஸ்லைடரைத் தொட்டேன். முப்பத்திரண்டு என்று வந்தது. பக்கத்தில் 'ஒதுக்காதது' என்று வரவில்லை. 'அடுக்குத் தேர்வு' என்ற பொருளில் வேறு சொல் வந்தது.

காலி எண்கள் முப்பத்தொன்றோடு முடிந்துவிடுகின்றன. மொத்தம் பன்னிரண்டு. என்னிடம் இருந்ததும் எட்டும் நான்கும் பன்னிரண்டு. இருபதில் ஆரம்பித்திருந்தால் அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியிருக்கும். நினைவில் நிற்கட்டும் என்று இருபத்தொன்றில் ஆரம்பித்ததால் கடைசி ஸ்லைடர் ஓர் எண் வெளியே போய் விழுந்திருக்கிறது. முப்பத்திரண்டு என்பது, சத்தங்களை எந்த அடுக்கிலிருந்து எடுக்க வேண்டும் என்று லேப்டாப்புக்குச் சொல்கிற எண். அதை அனுப்பிய உடனே எதுவும் நடக்காது. அடுத்த முறை பொத்தானைத் தட்டிச் சத்தத்தை மாற்றும்போதுதான் அது வேலை செய்யும்.

ஸ்லைடரை அடியோடு இறக்கிவிட்டு ஆர்கனைத் தட்டினேன். ஆர்கன். கொஞ்சம் ஏற்றிவிட்டுத் தட்டினேன். ட்ரம்பெட். உச்சிக்குத் தள்ளிவிட்டுத் தட்டினேன். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் நூறு பேர் கைதட்டினார்கள்.

வீட்டில் சோதித்தபோது ஏன் வரவில்லை என்பதும் விளங்கியது. வீட்டில் அவசரம் இல்லை. ஸ்ட்ரிங்ஸை ஒழுங்காக இறக்கி முடித்துவிட்டுத்தான் அடுத்த சத்தத்துக்குப் போவேன். கோயிலில் போதகர் தலையசைத்ததும் பதறிக்கொண்டு பொத்தானைத் தட்டுவேன். அவருக்கு ஏன் ஒருநாளும் வரவில்லை என்பதும் விளங்கியது. அவர் ஸ்லைடர்களைத் தொடுவதே இல்லை. இரண்டு கையால் வாசித்துவிட்டுப் போய்விடுவார்.

அந்த ஸ்லைடருக்கு இருபது என்ற எண்ணைக் கொடுத்தேன். சேமித்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு செய்ததைத்தான் எழுத வெட்கமாக இருக்கிறது. ஒன்றும் செய்யவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நான்கு ஞாயிறு வாசித்தேன். ஒரு குறையும் இல்லை. தொழிற்சாலையில் நான் ஒதுக்கிய தொட்டியில் நல்ல வளையம் இருந்தது தெரிந்தால் உடனே எடுத்து மறுபடி சோதனைக்கு அனுப்பிவிடுவேன். சீட்டில் கையெழுத்தும் போடுவேன். அதில் எனக்கு ஒருநாளும் தயக்கம் வந்ததில்லை. இங்கே நாக்கு எழவில்லை. எல்லாரும் மறந்துவிடுவார்கள், அவரும் வேறு கோயில் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

நான்காவது ஞாயிறு வாசலில் போதகர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தீங்களா சிஸ்டர், அந்தத் தம்பி போனதும் பிரச்சினையும் போயிடுச்சு. நீங்க அன்னைக்குச் சரியாத்தான் சொல்லியிருக்கீங்க" என்றார்.

பக்கத்தில் அந்தப் பெண் நின்றிருந்தார், அப்பாவை இழந்தவர். அவரும் தலையை ஆட்டினார். "மனுஷனா அவன்" என்றார் மெதுவாக.

என்னால் வீட்டுக்குப் போக முடியவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராக ஆவடி போய், பாலம் ஏறி இறங்கி, சேக்காட்டில் விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு ஏசியின் வெளிப்பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"இன்னா விஷயம்?" என்றார். 'அக்கா' இல்லை.

"தம்பி, அது நீங்க பண்ணது இல்ல. என்னோட தப்பு. ஒரு நம்பர நான் தப்பாப் போட்டுட்டேன்."

அவர் கையில் இருந்த துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எப்பத் தெரிஞ்சிது?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "மூணு வாரம் ஆச்சு" என்றேன்.

"மூணு வாரமா?" வாசலில் அவர் மனைவி வந்து நின்றார். அவரும் என்னைப் பார்த்தார். "மூணு வாரமாத் தெரிஞ்சிகினு, இப்ப இன்னாத்துக்கு வந்துகீறீங்க? சாயங்காலத்துக்கு ஆள் இல்லியா? கமிட்டில ஏதாச்சும் கேட்டாங்களா?"

"இல்ல. யாரும் அனுப்பல."

"அப்பிடியே வெச்சிக்கலாம். எனுக்கு எப்பிடித் தெரியும்? உங்குளுக்கு நான் சொன்னது நம்பிக்க வந்துச்சா?"

நான் செய்தியெல்லாம் எழுதிக் காட்டுகிற லேப்டாப் ஜன்னலைப் பற்றிச் சொல்லி, எந்த எண், எந்த ஸ்லைடர், ஏன் அவருக்கு வரவில்லை என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அது எனுக்கு வாணாம். நாலு பேர் முன்னாடி பேர் சொல்லித்தான சொன்னீங்க? அங்க போய்ச் சொல்லுங்க. இங்க வந்து மாடிப்படி கீழ சொன்னா எனுக்கு இன்னா பிரயோஜனம்?"

அவர் மனைவி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதை மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த ஞாயிறு கமிட்டி கூடியபோது சொன்னேன். வோல்டேஜ் என்று சொன்னதும் பொய் என்று சொன்னேன்.  கமிட்டிக்காரர் ஒருவர், "சரி விடுங்க சிஸ்டர், மிஷின் விஷயம், யாருக்குப் புரியும்" என்றார். "மிஷின் ஒழுங்காத்தான் இருந்துச்சு" என்றேன். பிறகு அப்பாவை இழந்த அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் போனேன். அவர் கதவைத் திறந்து கேட்டுவிட்டு, "சரி" என்றார்.  அதன் பிறகு கோயிலில் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வார். நின்று பேசுவதில்லை.

கமிட்டியிலிருந்து இரண்டு பேர் சேக்காட்டுக்குப் போய் அவரைத் திரும்ப அழைத்தார்கள். அவர் வரவில்லை. பூந்தமல்லிப் பக்கம், சென்னீர்குப்பத்தில் ஒரு சின்னச் சபையில் வாசிக்கிறார் என்று பிறகு தெரிந்தது. மனைவி மட்டும் இரண்டு மாதம் கழித்துப் பாடகர் குழுவுக்குத் திரும்பி வந்தார். என் பின்னால் அதே இடத்தில் நின்றார். முதல் நாள் பாட்டு முடிந்ததும், "அவருதான் போன்னு சொன்னாரு" என்றார். 

போன மாதம் ஒரு மாலையில் அவரே போன் செய்தார். பேர் பார்த்ததும் எழுந்து நின்றுகொண்டேன்.

"அக்கா, ஒரு டவுட்டு" என்றார். "இங்க புதுசா ஒரு கன்ட்ரோலர் வாங்கிக்கீறாங்க. கால் பெடல ஸ்ட்ரிங்ஸ் ஏத்தி எறக்கறதுக்கு வெக்கணும். இன்னா நம்பர் போடணும்?"

"பதினொண்ணு போடுங்க" என்றேன். "ஸ்ட்ரிங்ஸ தனிச் சேனல்ல வெச்சிட்டு, பெடல அந்தச் சேனலுக்கு மட்டும் அனுப்புங்க. இல்லாட்டி ஆர்கனும் சேர்ந்து எறங்கும்."

அந்தப் பக்கம் பேனா கீறுகிற சத்தம் கேட்டது. "பதினொண்ணு. தனிச் சேனல்" என்று சொல்லிக்கொண்டார். பிறகு, "அது வேற எதுக்கும் இல்லியே? கரெக்டாத் தெரியுமா?" என்றார்.

"தெரியும். நேத்துகூட அதுலதான் வாசிச்சேன்."

"இல்ல, அந்த ஜன்னல்ல எழுதிக் காட்டும்னு சொல்ல வந்தீங்களே அன்னிக்கு, செய்தியெல்லாம். அது எப்பிடித் தொறக்கறது? நானே ஒரு தபா பாத்துடறேன்."

எங்கே அழுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னபடி செய்தார். பெடலை மிதித்துப் பார்த்தார். மறுபடியும் மிதித்தார். பதினொன்று என்று வருவதை வாய்விட்டுப் படித்தார். நான் சொன்னது சரிதான் என்று தெரிந்த பிறகுதான், "ம், சரிக்கா. வெச்சிடறேன்" என்றார்.